யாக்கோப்பு இழுத்த வெற்றிலைத் தட்டம்

ஊர்காவற்றுறையில் யாக்கோப்பைத் தெரியாதவர்கள் இல்லை. ஒல்லாந்தர் கப்பலொன்றில் குசினியில் சமையல் வேலைக்குப் போய், யாவாவில் இருக்கிற பத்தேவியா வரை பல தடவை ஓடி, முப்பத்தாறாம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. வாயில்தான் இரண்டு ஒல்லாந்துச் சொற்கள் இருந்தன.

"'கன்' எண்டால் எனக்கு ஏலும், செய்ய முடியும். 'மக்' எண்டால் செய்யலாம் எண்டு உத்தரவு. பாண் வெட்ட எனக்கு ஏலும், 'இக் கன்'. ஆனா ஒரு துண்டு தின்ன 'மக் இக்?' எண்டு கேக்கவேணும். ஓமெண்டால் 'யெ மக்' எண்டுவாங்கள். கேளாமல் எடுத்தால் பெரிய குசினிக்காரன் அகப்பையாலை போடுவான்" என்று எங்கள் வீட்டில் வந்திருந்து சொல்வார்.

அகப்பை அடி நல்லாய் வேலை செய்திருந்தது. கதிரையில் இருக்க முன் கேட்பார். கிணற்றில் வாளி விட முன் கேட்பார். ஆட்டுக்குட்டியைத் தூக்க முன் தாய் ஆட்டைப் பார்த்தும் கேட்டார், சத்தியமாகச் சொல்கிறேன். என் கணவர் சூசைப்பிள்ளைக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் யாரையும் எதுவும் கேட்கிற சாதியில்லை.

அவருடைய தங்கை அல்போன்சம்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அண்ணனே பார்த்து அண்ணனே தட்டிக்கழித்தார். யாக்கோப்பு வந்தால் மட்டும் அவள் குசினிக்குள் நின்று தனியே சிரிப்பாள். அதனால் யாக்கோப்பு பெண் கேட்டு வந்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் கணவரும் ஒருவழியாகச் சம்மதித்தார்.

வெற்றிலைத் தட்டம் வைத்தாயிற்று. பெண் வீட்டார் வெற்றிலை எடுத்தால் பேச்சு முற்று. இவர் கையை நீட்டினார். யாக்கோப்பு தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்!

"பொறுங்கோ அண்ணை. உங்கட தங்கச்சியைக் கேட்டனீங்களோ?"

"நான் ஓமெண்டால் அவளும் ஓம்தான்!"

"அவவை வைச்சுப் பாக்க எனக்கு ஏலும் அண்ணை. கட்டலாமோ எண்டு அவவைத்தானே கேக்கவேணும்?"

இவர் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். "வீட்டுக்கு வந்து அவமதிக்கிறீரோ? எழும்பிப் போம்!"

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். யாக்கோப்பு போகவில்லை. தட்டத்தைக் குசினி வாசலில் கொண்டுபோய் வைத்து, "மக் இக்?" என்றார்.

அல்போன்சம்மா வெளியே வந்தாள். கண் நிறைந்திருந்தது. குனிந்து தானே ஒரு வெற்றிலையை எடுத்தாள்.

"யெ மக்" என்றாள். பிறகு தமையனிடம் திரும்பி, "அண்ணை, நான் இவரோடை போகலாமோ?" என்று கேட்டாள்.

இவர் உதறிய சால்வையைத் திரும்பத் தோளில் போட்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "போ பிள்ளை, சந்தோசமாய் இரு" என்றவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

அன்று மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வழமையில் பின்னால் வந்து சட்டிக்குள் கையை விடுகிற மனிதர், வாசலிலேயே நின்றார்.

"பிலோமினா, ஒரு துண்டு எடுக்கட்டோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன்.