யாருக்கும் தெரியாத ஆறுமுகம்: நாகலாபுரம் பக்கம் ஓட்டுச்சாவடி வேலை

மெட்ராசிலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த சமயம். திருப்பதியில் வாத்தியாராக இருந்த எனக்கு, நாகலாபுரத்துக்கு உள்ளே ஒரு சிற்றூரில் தேர்தல் வேலை போட்டார்கள். இந்தப் பக்கம் அதே வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நாளே போய்ப் பள்ளிக்கூடத்தைத் தயார் செய்யணும். காலை ஆறரைக்கு பஸ், புத்தூரில் மாறி நாகலாபுரம் சேரப் பதினோரு மணி. டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். பக்கத்து சீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். முன்னெல்லாம் "சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பதில் சொல்லவில்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிதான் போய்யா என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊரில் ஆறுமுகம் என்ற விவசாயி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவரோடு தெருவில் நடந்தேன். அவர் கிட்டே வர வரப் பேச்சு அடங்கியது. கிணற்றடியில் பெண்கள் ராட்டினத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். நாங்கள் தாண்டியதும் மறுபடி அது கிறீச்சென்றது. பட்டப்பகலில், ஒருத்தர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னங்க இது?" என்றேன்.

"ஊரே மெட்ராசோட சேரணும்னு மனு குட்த்தாங்க சார். என் வூட்டுக்காரி தெலுங்கு. நான் கையெழுத்து போடல. ரெண்டு வருசமா யாரும் பேசறதில்ல. ஓட்டு லிஸ்ட்டுல மட்டும் என் பேரு கீது. நாளைக்கு நீங்க படிப்பீங்க இல்ல, அத்த காதால கேக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அதிகாரி ஓட்டுப்பெட்டிகளோடு ஜீப்பில் வந்தார். பத்து மணிக்கு ஆறுமுகம் வந்தார், பெயரைப் படித்தேன். கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் எழுந்து, "இந்தாளு ஆறுமுகம் இல்ல" என்றார்.

ஆட்சேபணை வந்தால், தெரிந்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும். அதிகாரி வரிசையைப் பார்த்துக் கேட்டார். நாற்பது பேர், ஒரு இருமல் இல்லை. மூன்றாவதாக நின்றவர் ஆறுமுகத்தின் தம்பி; அதே மூக்கு, அதே காது.

"தெரியாதுங்க" என்றார்.

"வாத்தியாரே, நீங்க நேத்தே வந்தீங்களே?" என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். பெட்டிகள் ஏறினால் ஜீப்பில் இடமிருக்காது. சாயங்காலம் நான் நாகலாபுரம் பஸ்ஸுக்குப் போக அந்த ஏஜெண்டின் மாட்டு வண்டிதான் பேசி வைத்திருந்தது.

"தெரியாது சார்" என்றேன். அடப்பாவி, என் வாயா அது!

ஆறுமுகம் கோபப்படவில்லை. "வுடுங்க சார், நானும் இவர பாத்ததே இல்ல" என்று என்னைக் காட்டி அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஓட்டுப் போடாமலே நடந்தார். வரிசை சத்தமில்லாமல் விலகி, அவர் போனதும் மூடிக்கொண்டது.

போகிறவர்களுக்கு: புத்தூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போங்கள். நாகலாபுரத்தில் கடைசி பஸ் ஆறேகாலுக்கு. தெரிந்த ஆளைத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஊரிலிருந்து பஸ் நிற்கிற இடம் நாலே மைல்தான். நடந்தே வந்திருக்கலாம்.