மீன் பொரிக்கும்போதும் அளக்க வேண்டும்

2006 குளிர்காலத்தில், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டைச் சூடாக்க, மரத்தூள் குருணை எரியும் அடுப்பொன்றைப் பொருத்தினோம். பொருத்தியவர் புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் வலுவை, அதாவது இழுவையை, கருவியால் அளந்து, சரிசெய்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த ஞாயிறு மனைவி குசினியில் மீன் பொரித்தாள். குளிர் உடுப்புகளில் மணம் ஏறாதிருக்க, வழக்கம்போல யன்னல்களைச் சாத்தி, புகை உறிஞ்சும் விசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தோம். சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களையும் குளிருக்காக நான் துணியால் அடைத்திருந்தேன்.

"தலை சுத்துது அப்பா," என்றாள் மகள். எரிந்துகொண்டிருந்த புது அடுப்பின் கதவிடுக்கால் புகை வந்துகொண்டிருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் பனிக்குள் ஓடினோம். வெளிக்காற்றுப் பட்டதும் மகள் தெளிந்தாள்.

"அந்த மனிசன் பிழையா அளந்துபோட்டான்!" என்று கத்தினேன்.

"அவர் அளக்கேக்கை நான் மீன் பொரிக்கேல்லையே," என்றாள் மனைவி.

மறுநாள் அவரை அழைத்து, விசிறியை ஓடவிட்டு அளக்கச் சொன்னோம். இழுவை பூச்சியத்துக்கு இறங்கியது; துணிகளை உருவியதும் ஏறியது. வெளிக்காற்று வர வேறு வழியில்லாததால் விசிறி புகைபோக்கிக் காற்றையே உள்ளே இழுத்திருக்கிறது.

இப்போது துவாரங்களை அடைப்பதில்லை. உடுப்பு மணந்தால் மணக்கட்டும். ஆண்டுதோறும் இழுவை அளக்க அவர் வரும்போது, எங்கள் தாச்சியில் மீன் பொரிந்துகொண்டிருக்கும்.