ஆயக்காரனின் ஜெபத்தை வாசித்த காலைகள்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசைவீடுகளான லயத்தில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். போதகர் எப்போதாவது தானா ராத்தாவிலிருந்து வருவார். மற்றபடி தினமும் வேலைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே ஜெபம். அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததால் நான்தான் வேதம் வாசிப்பேன். வாசித்ததை மனதில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு அப்பா ஜெபிப்பார். குடியும் சண்டையும் இல்லாத குடும்பமாக எங்களை வைத்திருப்பதற்காக நன்றி சொல்வார். அது பலகைச் சுவருக்கு அப்பாலும் கேட்கும்.

சுவருக்கு அப்பால் இருந்தவர் அப்பாவுக்குக் கீழே மருந்தடிக்கும் வேலை செய்தவர். மனைவியை அடக்கம் செய்த பிறகு குடிக்க ஆரம்பித்திருந்தார். அப்பா கங்காணி. ஒரு நாள், ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும் அவரைத் தனியே நிறுத்தினார்.

"குடிகாரனுக்கு என் காட்டுல வேலை இல்ல. போ வீட்டுக்கு!"

அவர் மருந்துப் பம்பை இறக்கி வைத்துவிட்டுப் போனார். வேறு வேலை கிடைக்காமல் காய்கறித் தோட்டங்களில் கூலிக்கு அலைந்தார். லயத்து வீட்டை மட்டும் தோட்ட மேலாளரான துரை பறிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பா சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், படியிறங்கிப் போக வேண்டும். அம்மாவும் நானும் அவரைத் தூக்க முடியாமல் வாசலிலேயே சாய்ந்துவிட்டோம். அம்மாவின் அலறலைக் கேட்டு ஓடி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு காலையில் லூக்கா சுவிசேஷத்தில் அந்தப் பகுதி வந்தது. இரண்டு பேர் ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள். ஒருவன் முன்னால் நின்று, தான் மற்றவர்களைப் போல் இல்லை என்று நன்றி சொல்கிறான். ஊரார் வெறுத்த வரி வசூல்காரனான ஆயக்காரனோ தூரத்தில் நின்று, தலை நிமிராமல், இரக்கத்தை மட்டும் கேட்கிறான். கடவுள் ஏற்றுக்கொள்வது அவன் ஜெபத்தைத்தான்.

இது அப்பாவுக்கே எழுதியது என்று நினைத்தேன். அவர் காதில் நன்றாக விழட்டும் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அன்று அவர் ஜெபிக்கவில்லை.

"நாளைக்கும் இதையே வாசிம்மா," என்றார்.

மறுநாளும் வாசித்தேன். பிறகும் பல நாள் அதையேதான் கேட்டார். ஒரு நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திடீரென்று உறைத்தது. அப்பாவைப் போல் எனக்குக் கல்நெஞ்சு இல்லை என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஆலயத்தில் முன்னால் நின்றவனின் இடத்தில்தான் நானும் நின்றிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பெரட்டுல உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. மன்னிச்சுடு."

"குடிச்சது நெசந்தானே, கங்காணி. அவ போனதுல இருந்து வீட்டுல இருக்க முடியல." குனிந்து முதுகைக் காட்டினார். "கழுத்தைக் கட்டிக்குங்க லா. படி வழுக்குது."

அவர் முதுகில் சாய்ந்தபடி அப்பா விசும்பினார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கட்டுப் பிரித்த பிறகு அப்பாவால் மலை ஏற முடியவில்லை. தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். அதற்குமுன் தடியூன்றிப் போய்த் துரையிடம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு மறுபடி வேலை வாங்கித் தந்தார். அவர் குடியை முழுதாக விட்டுவிடவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

எண்பதுகளில் கல்யாணமாகி, அதே மலையில் காய்கறி விளையும் கோலா தெர்லாவுக்கு வந்தேன். கோஸ் ஏற்றிய லாரிகள் கிளம்பும் விடிகாலை நேரத்தில் இங்கேயும் வேதம் வாசித்தேன். கோபம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மாமியாரிடம் வெடுக்கென்று பேசிவிட்டு உட்காரும் காலைகளில் ஒரு வசனமும் மனதில் இறங்காது. எழுந்து சமையலறைக்குப் போய், "மனசுல வச்சுக்காதீங்க அத்தை," என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் வாசிக்க முடியும்.