மாமா படித்துச் சொன்ன பெண்

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில்தான் தங்கியிருந்தார். சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாரென்றால், அதற்குப் பிறகு மாமா என் சொத்து. இருவரும் சோபாவில் சாய்ந்துகொண்டு அனிமே கார்ட்டூன் பார்ப்போம். பேச்செல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். கீழே ஆங்கில வரிகள் ஓடும். நான் எழுத்துக்கூட்டி முதல் சொல்லை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும். அதனால் மாமாதான் படித்துத் தமிழில் சொல்வார். கதாநாயகனுக்குக் கட்டைக் குரல், அவன் வளர்க்கும் பறவைக்குக் கீச்சுக் குரல்.

பறக்கும் கப்பலில் ஒரு தீவைத் தேடிப் போகும் பிள்ளைகளின் கதை அது. எல்லாருக்கும் பால் நிறம். முடி மட்டும் நீலம், ஊதா என்று இஷ்டத்துக்கு இருக்கும். ஒரே ஒருத்திதான் என்னைப் போலக் கறுப்பு. அந்தச் சுருட்டை முடிகூட என்னுடையதுதான். அவளை முதலில் பார்த்த அன்று டிவிக்கு முன்னால் போய் நின்ற நான், நகரச் சொல்லியும் நகரவில்லை. அவளுக்கென்று மாமா ஒரு அதட்டல் குரல் வைத்திருந்தார். ஒருநாள் அவள் கப்பலின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்றதெல்லாம் கவனமில்லாத பிள்ளைகள், அதனால் பத்திரப்படுத்தப் போகிறாள் என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அதே கதையை விளையாடுவோம். என் நிறத்தைப் பார்த்து அவள் வேஷத்தை என் தலையில் கட்டினார்கள். நானோ தலைவி பதவியே கிடைத்துவிட்டதாக நினைத்து எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினேன். பொறுத்துப் பார்த்த எதிர்வீட்டுச் சீனப் பையன் ஒருநாள் சொல்லிவிட்டான், அவள் திருடி என்று. நான் விடுவேனா? அத்தனை பேரையும் லிஃப்டில் ஏற்றி, மாமாவிடம் நியாயம் கேட்கக் கூட்டி வந்தேன்.

மாமா அந்தக் காட்சியைப் போட்டார். வரைபடத்தோடு கிளம்புகிறவள் திரும்பி நின்று ஏதோ சொல்கிறாள். பயப்படாமல் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா அவள் குரலில் அதட்டினார். பையன் எங்களைவிடப் பெரியவன், தொடக்கநிலை நான்காம் வகுப்பு. படத்தை நிறுத்தச் சொல்லி, வரியின்மேல் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தான். உங்களை ஏமாற்றத்தான் வந்தேன் என்று இருந்தது.

"அங்கிள், யூ ரீட் ராங் லா."

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு உதடு பிதுங்க ஆரம்பித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதென்றும், இத்தனை நாளும் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்லிவந்ததாகவும் தட்டுத்தடுமாறி அவனிடம் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. திருடியாவது ஒன்றாவது, என் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று அவர் முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டேன். மேல்மாடி மலாய்ச் சிறுமி மட்டும், அங்கிள் சொன்ன கதைதான் நன்றாக இருக்கிறது, நாளைக்கு நான்தான் அவள் என்றாள். முடியவே முடியாது என்றேன்.

அவர்கள் போனதும் என் பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தேன்.

"வெக்கப்படாதீங்க மாமா. நான் சொல்லித் தரேன்."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். சின்னச் சின்னச் சொல்லுக்கெல்லாம் திக்கினார். நான் பொறுமையாகத் திருத்தினேன். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏன்டா, பிள்ளைங்க முன்னாடி உனக்கு இது தேவையா?" என்றார்.

"இவ மாதிரி இருக்கறது அந்த ஒருத்திதானேக்கா. அவளையும் திருடின்னு எப்படிக்கா இவகிட்ட படிச்சுக் காட்டுறது?"

பாடத்திலிருந்து தப்பிக்கப் பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மாமா அப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், ஆங்கிலப் பத்திரங்களைப் படித்துப் பிழை திருத்தும் வேலையில் இருந்தார். அவர் தினமும் டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போவது மட்டும் எனக்குத் தெரியும். இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பாவம், அங்கே எப்படித்தான் சமாளிக்கிறாரோ என்று அன்றைக்குத் தூங்கும்வரை கவலைப்பட்டேன்.