மிர்த்தாலே தொங்கவிட்ட தகடு

பழைய கிரேக்க ஊரான கினிதோஸின் துறைமுகத்தில் வலை வைத்திருந்த எல்லோரும் ஒரு காலத்தில் மிர்த்தாலேயிடம்தான் ஈயக்குண்டு வாங்கினார்கள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். புருஷன் லைகோன் வயிற்றுவலியில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தபோதும் அவள் உலையை அணைக்கவில்லை. ஒற்றை மகள் ரோதேயைக் கரையேற்ற வேண்டுமே.

லைகோனின் தங்கை பிரக்ஸோ மட்டும் சும்மா இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். துணி துவைக்கிற ஊற்றடியில் அவள் வாய் திறந்தாள். "அண்ணிதான் கூழ்ல என்னமோ கலந்தா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கூடப் பிறந்தவளே சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? விஷம் வைத்த கை வார்த்த ஈயம் என்று ஒருவன்கூடக் குண்டு வாங்க வரவில்லை. ரோதேக்குப் பேசி வைத்திருந்த படகுத் தச்சன் மகன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "உங்கம்மா பேரு சுத்தமாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தச்சன் பெண்டாட்டி சொல்லியனுப்பினாள். நாலு வருஷம் ஓடிப்போனது. அந்த நாலு வருஷமும் மிர்த்தாலே பிரக்ஸோவை நினைக்காமல் ஒரு வாய் ரொட்டி தின்றதில்லை.

அநியாயம் செய்தவர்களைச் சபித்து ஈயத்தகட்டில் எழுதிக் கோயில் சுவரில் மாட்டுவது அந்த ஊர் வழக்கம். கடைசியில் விற்காமல் கிடந்த குண்டுகளையே உருக்கித் தகடாகத் தட்டினாள். ஆணியால் எழுதினாள்: 'பிரக்ஸோ உடம்பெல்லாம் எரிந்து, தெமேத்தர் தேவியின் கோயிலுக்கு ஏறி வந்து, எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லட்டும்.'

கோயில் பூசாரியம்மாள் தகட்டைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஏம்மா, ஒரு வரி விட்டுட்டியே. 'அவகூட ஒரே கூரைக்குக் கீழ நின்னாலும் என்மேல குத்தம் வேண்டாம்'னு எல்லாரும் எழுதுவாங்களே. இல்லேன்னா சாபம் உன்னையும் சேர்த்துல்ல பிடிக்கும்? மாட்டினதுக்கப்புறம் திருத்த முடியாது, பார்த்துக்க. மாட்டினவ கையால கழட்டினா சாபம் இறங்கும், அவ்வளவுதான்."

"அந்தச் சனியன் வீட்டுக் கூரைக்குக் கீழ எனக்கென்ன வேலை?" என்று மிர்த்தாலே தகட்டைத் தன் கையாலேயே சுவரில் மாட்டினாள். கோபம் வந்துவிட்டால் அவளுக்கு முன்பின் தெரியாது.

அத்திப்பழம் பழுக்கும் முன்பே பிரக்ஸோ காய்ச்சலில் விழுந்தாள். செய்தி கேட்ட அன்று மிர்த்தாலே வயிறாரச் சாப்பிட்டாள். ஆனால் சாபம் தங்களையும் தொற்றும் என்று பயந்து அக்கம்பக்கம் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. கட்டின புருஷனே படகில் போய்ப் படுத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் பிரக்ஸோவால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. அப்போதுதான் மிர்த்தாலேக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லாமலே இவள் செத்துப்போனால், அண்ணனைக் கொன்றவள் தங்கையையும் கொன்றாள் என்றல்லவா ஊர் பேசும்? ரோதே காலமெல்லாம் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

"உள்ள போகாதேம்மா, உன்னையும் பிடிச்சுக்கும்" என்று பிரக்ஸோ வீட்டு வாசலில் ரோதே கையைப் பிடித்து இழுத்தாள். மிர்த்தாலே உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பிரக்ஸோ கண்ணைத் திறந்தாள். "அண்ணி... என்னை மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்கவா? வாயை மூடிட்டு முதுகுல ஏறுடி. மேல போற வரைக்கும் செத்துகித்துத் தொலைச்சிடாதே."

கொதிக்கிற உடம்பை முதுகில் சுமந்து கோயிலுக்குப் போகிற அத்தனை படியும் ஏறினாள். எட்ட நின்று வேடிக்கை பார்த்த ஊர், எட்டவே பின்தொடர்ந்து வந்தது. தேவியின் சிலைக்கு முன்னால் மிர்த்தாலே அவளை இறக்கிப் போட்டாள். "சொல்லு. கடைசி ஆளுக்கும் கேட்கணும்."

"நான் எதையும் பார்க்கல" என்று பிரக்ஸோ அழுதாள். "அண்ணி எதையும் கலக்கல. ஊத்தடியில பேசிட்டிருந்தோம்... எல்லாரும் என் மூஞ்சியவே பார்த்துட்டிருந்தாங்க. பேச்சு ருசியில வாய்க்கு வந்துடுச்சு."

தச்சன் பெண்டாட்டி கூட்டத்தை விலக்கி வந்து ரோதேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷமாக மிர்த்தாலே கேட்டது இதைத்தான், கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பொறாமை, பாகத் தகராறு, பழைய பகை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வெறும் பேச்சு ருசியா? அதற்கா இந்த நாலு வருஷம்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லிட்டால்ல? தகட்டைக் கழட்டும்மா" என்றாள் பூசாரியம்மாள். "அவ பிழைச்சுக்குவா. நீயும் அவ கூரைக்குக் கீழ போய் வந்திருக்கே, மறந்துடாதே."

"கழட்டும்மா, உனக்காகவாவது" என்று ரோதே கெஞ்சினாள்.

மிர்த்தாலே குனிந்து பிரக்ஸோவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தொங்கட்டும். நானும் எரியறதா இருந்தா எரியறேன். நீ எரியறதைப் பார்த்துட்டு எரியறேன்."