உறுமாத டயர்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில், பிணவறைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த நீளமான பழைய காரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை ஓட்டுபவரின் சொந்தப் பெயர்தான் பலருக்கும் மறந்துபோயிற்று. டாக்சி ஓட்டிய காலத்தில், அவசரப்படுத்துகிறவர்களிடமெல்லாம் "நிதானமா போலாங்க" என்று சொல்லிச் சொல்லி, நிதானம் என்பதே அவர் பெயராக நின்றுவிட்டது.

அவர் இந்தத் தொழிலுக்குத் திட்டம் போட்டு வரவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தகப்பன், இறந்துபோன மகளைத் துணியில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தார். எவரும் நிறுத்தவில்லை. நிதானம் நிறுத்தினார். விஷயம் பரவியதும் அவர் டாக்சியில் ஏற ஆள் இல்லாமல் போயிற்று. முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவு வரை வருவார்கள், வண்டியை அடையாளம் கண்டதும் ஏதோ மறந்துவிட்டு வந்தவர்கள் போலத் திரும்பிவிடுவார்கள். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு, நமக்கு இதுதான் என்றால் இதையே ஒழுங்காகச் செய்வோம் என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய மனைவியின் தம்பி கார்ப் பட்டறை வைத்திருந்தான். அவன்தான் வண்டியைப் பிரித்து மேய்ந்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, உடலை வைக்க உருளைகள் பூட்டிய ஒரு தகரத் தட்டு வைத்தான். பக்கவாட்டில் உறவுக்காரர் இரண்டு பேர் உட்கார மெத்தை தைத்த பெஞ்சு. ஓட்டுகிறவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு மண்பாதையில் ஏற வேண்டியிருக்குமே என்று, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை ஒரு சாண் உயர்த்தியும் விட்டான். வேலை முடிந்ததும், "மாமா, இதுல படுத்துட்டு வர்ற யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க" என்றான். நிதானம் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த வண்டியைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் திரண்டு வந்தபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றவள் அவள்தான். ஆனாலும் வண்டியின் பின்பக்கத்தை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

வண்டியை உயர்த்தினார்களே தவிர, டயர் பழைய தார்ச்சாலை டயர்தான். வெயில் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், மரம் அறுக்கும் தொழிலாளி ஒருவரை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவருடைய மனைவியும், அவளுடைய அண்ணனும் கூட வந்தார்கள். இரண்டாவது வளைவில் பின்சக்கரங்கள் சேற்றில் உட்கார்ந்துகொண்டு வெறுமனே சுழன்றன. அண்ணன் இறங்கித் தள்ளினார், அசையவில்லை. அந்தப் பெண்ணும் இறங்கினாள். வேண்டாம்மா என்று நிதானம் கெஞ்சியது அவள் காதில் ஏறவே இல்லை. புருஷன் படுத்திருக்கும் பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். சக்கரம் வாரி இறைத்த சேறெல்லாம் அவள் மேல் விழுந்தது. வண்டி ஏறிவிட்டது. வீட்டு வாசலில் காத்திருந்த ஜனங்கள் முன்னால், தலை முதல் கால் வரை சேறாக அவள் இறங்கினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நிதானம் கிளம்பும்போது, கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தாள்.

அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். அந்த வாளித் தண்ணீர்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பாவம், தன் புருஷனைத் தானே தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஆயிடுச்சு" என்றவர், சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

மறுநாளே மச்சினனைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஒரு நடுவயது அம்மா. அடுக்கி வைத்த டயர்களின் மேலேயே உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பாள். தார்ச்சாலை எவ்வளவு தூரம், சேறு எவ்வளவு தூரம் என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, மச்சினன் மூலையில் கிடந்த ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த சேற்று டயர். ஒரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று விரலை நுழைக்கலாம். இதைப் போட்டால் வண்டி சுவரிலேயே ஏறும் என்றான். தார்ச்சாலையில் இது சத்தம் போடும், யோசித்துச் செய்யுங்கள் என்று கடைக்கார அம்மா எச்சரித்தாள். வாழ்நாளெல்லாம் நிதானமாக இருந்த மனிதர் அன்றைக்கு அவசரப்பட்டார். "சத்தம் கெடக்கட்டும்மா. ஏறினாப் போதும்" என்று சொல்லிவிட்டார். புது டயர் உரசாமல் இருக்க மட்கார்டின் ஓரத்தைக்கூட வெட்டி எடுத்தார்கள்.

அந்த டயரோடு போன முதல் சவாரியில், இறந்தது ஒரு வாலிபப் பையன். கூட வந்தது அவன் தாய் மட்டும். தார்ச்சாலையில் வண்டி வேகம் பிடித்ததுமே டயர் முனக ஆரம்பித்தது. போகப் போக அது உறுமலாகி, தரைத் தகடு முழுக்க அதிர்ந்தது. நிதானம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அந்த அம்மா மகன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தடுப்புக் கண்ணாடியைத் தட்டினாள். அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அண்ணே, நான் பேசுறது எனக்கே கேக்கல. கொஞ்ச நேரம் நிறுத்துறீங்களா? வீட்டுக்குப் போயிட்டா கூட்டம் கூடிடும். அதுக்குள்ள இவன்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன்."

நிதானம் என்ஜினை அணைத்துவிட்டு, பேச்சு காதில் விழாத தூரத்துக்கு நடந்துபோய் நின்றுகொண்டார். பேருந்துகளும் லாரிகளும் கடந்துபோயின. அவள் கைகாட்டிய பிறகே திரும்பி வந்தார். மண்பாதையில் டயர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வழுக்கல் இல்லாமல் ஏறியது. அவருக்கு அதில் ஒரு துளியும் சந்தோஷம் இல்லை. அந்தத் தாயின் பேச்சைப் பாதியில் தின்ற டயராகத்தான் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

டயரைக் கழற்றச் சொன்னபோது மச்சினனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறணும்னீங்க, ஏறிடுச்சு. இப்ப அது தாலாட்டும் பாடணுமா மாமா?" என்றான். நிதானம் நடந்ததைச் சொன்னார். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்தான். அப்புறம் ஜாக்கியை எடுத்தான்.

கடைக்கார அம்மா சேற்று டயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மரம் ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். தார்ச்சாலை டயருக்கும் சேற்று டயருக்கும் நடுவிலான டயர் ஒன்று உண்டு என்றாள். பட்டன் சிறியது, நெருக்கமாக, வரிசை தப்பி இருக்கும்; அதனால் உறுமாது. அகலம் குறைவாக எடுத்தால் சேற்றின் மேல் வழுக்காமல், அதைக் கிழித்து அடியிலிருக்கும் கெட்டி மண்ணைத் தொடும். மண்பாதை தொடங்குகிற இடத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் பிடிப்பு கூடும். திரும்பும்போது பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பால் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் சேற்று டயர் ஏறுகிற அளவுக்கு இது ஏறாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. அப்படிப்பட்டது இரண்டு ரகம் இருந்தது. "கண்ணால பாத்து எடுக்கிற விஷயமில்ல இது. ரெண்டையும் மாட்டி ஓட்டுங்க. காதால கேட்டு எடுங்க" என்றாள்.

வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். மச்சினன் தானே வருகிறேன் என்றான். சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் கத்தியே பழகிய தொண்டை அது. அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நிதானம் தயங்கித் தயங்கி மனைவியிடம் கேட்டார். அவள் பாத்திரம் முழுவதையும் கழுவிக் கவிழ்த்து முடித்தாள். பிறகு, வருகிறேன், ஆனால் அந்தத் தட்டில் என் கை படாது என்றாள்.

முதல் ரகத்தை மாட்டிக்கொண்டு போனபோது, என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள். இறங்கியதும், "ஏழாம் வாய்ப்பாட்டுல பாதியைக் காணோம்" என்றாள். அதை ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது ரகத்திலும் வாய்ப்பாட்டில்தான் தொடங்கினாள். தார்ச்சாலையில் வேகம் கூடியது. நிதானம் கண்ணாடியில் பார்த்தபோது அவள் சொல்வதை நிறுத்தியிருந்தாள். காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி உதடுகள் அசைந்தன. அது வாய்ப்பாடு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்பாதை பிரியும் முக்கில் அவர் திரும்பவில்லை. நேராக ஓட்டிக்கொண்டே போனார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகே வண்டியை நிறுத்தினார்.

"நல்லா கேக்குது. இதையே வச்சுக்குங்க" என்றாள்.

"என்ன பேசினே?"

"அம்மாகிட்ட பேசினேன்."

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தது கல்யாணத்துக்கு முன்னால் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அம்மாவின் உடல் எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. செங்கல் லாரியில், தார்ப்பாய்க்கு அடியில் வந்தாளாம்.

"நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்திருந்தேங்க. பள்ளத்துல விழுந்து எழும்போதெல்லாம் பின்னாடி சத்தம் கேக்கும். திரும்பிப் பாக்கவே பயம். தனியாவே வந்தா, பாவம்."

அவள் இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நிதானம் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அந்த மழைக்காலம் முழுக்க அதே டயரில்தான் ஓடினார். முக்கில் நிறுத்தி, காற்றை இறக்கும் முன்னால், உஸ் என்று ஒரு சத்தம் வரும், பயந்துவிடாதீர்கள் என்று பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிவிடுவார். வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் அசைந்து கொடுக்கும், ஆனால் ஏறிவிடும். ஒரே ஒருமுறை முடியவில்லை. மேலே பாதையே கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. டயரை நம்பி அவர் முயன்று பார்க்கவில்லை. முக்கிலேயே நிறுத்தி மேலே ஆள் அனுப்பினார். குடியிருப்பிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து, தட்டோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. நிதானம் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு அந்த மூலைக்குத் தோள் கொடுத்தார்.

பாதி வழியில், பக்கத்து மூலையைச் சுமந்துவந்த பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்.

"வண்டி ஓட்டிட்டு வந்தவன்யா."

பெரியவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, கால் வைக்கத் தோதான கல்லைக் கண்ணால் காட்டினார். நிதானம் அதில் காலை ஊன்றி மேலே ஏறினார்.