பெரிதாகிக்கொண்டே வந்த நிழல்

வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப்பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவரும் பழக்கம். சின்ன விமானத்தின் தரையில் ஒரு ஓட்டை, அதில் கேமரா, பக்கத்தில் குப்புறப் படுத்து மலையைப் படமெடுக்கும் அவர். பையிலிருந்து சீப்பு விழுந்தாலும் வம்பு. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘காலிப்பை’.

அந்தப் படங்களைச் சேர்த்து வரைபடமாக்கும் அறையில் அவளுக்கு வேலை. ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வந்தால்தான் மேடு பள்ளம் பிடிபடும்.

அன்று அவர் எடுத்த புது வரிசையைத் திரையில் பரப்பினாள். சரிவில் விழுந்த விமானத்தின் நிழல் முதல் படத்தில் ஈயளவு. பிறகு காக்கையளவு. முகட்டருகே படத்தில் பாதியை அடைத்திருந்தது. அங்கே படங்கள் ஒன்றையொன்று தொடவும் இல்லை. அவ்வளவு தாழப் பறந்ததில் ஒவ்வொன்றிலும் துளி நிலம்தான் அடங்கியிருந்தது. நடுவில் இடைவெளி.

அதைச் சொன்னால் அவரை மறுபடி அங்கேயே அனுப்புவார்கள். பக்கத்துப் படத்தை இழுத்து மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வரைபடத்தை நம்பித்தான் முகட்டில் சாலை வெட்டப்போகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். “நேத்து எவ்வளவு உயரத்துல பறந்தீங்க?”

“எப்பவும் போலத்தான். பைலட் உயரம் காட்டுற முள்ள அசையவே விடல.”

“முள்ளு அசையல. மலை ஏறிடுச்சே!”

அவர் சிரித்தார். “அதான் முழுசா வந்துட்டேன்ல, விடு.”

“சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. “எனக்கும்தான். கண்ண மூடிக்கிட்டேன். பட்டன மட்டும் அழுத்திக்கிட்டே இருந்தேன்.”

அதிகாரி அறைக்குள் அவள் தானாகப் போனதே இல்லை. அன்று உள்ளே போய்ப் படங்களை மேசையில் வரிசையாக வைத்தாள்.

“கேப் விழுந்திருக்கா? நாளைக்கே மறுபடி போகச் சொல்லும்மா.”

“கேப்ப விடுங்க சார். நிழலப் பாருங்க.”

கடைசிப் படத்துக்கு வந்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “உயரமாப் போனா சின்ன ஓடையெல்லாம் தெரியாதேம்மா.”

“ஆள் நடந்து போய்ப் பாக்கட்டும் சார். அவரு மோதிட்டா யாரு போய்ப் பாக்குறது?”

அதிகாரி பைலட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

இப்போது முகட்டை மட்டும் உயரத்திலிருந்து எடுக்கிறார்கள். ஓடைகளை ஆட்கள் நடந்து குறித்து வருகிறார்கள். அவர் இன்னும் பறக்கிறார். விமானம் தரையிறங்கும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.